கிளட்ச் பிளேட் மீது பழி போடுமுன் ஆயில் டப்பாவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பைக்கில் புது கிளட்ச் பிளேட் மாற்றி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் மறுபடியும் வழுக்குகிறது (இன்ஜின் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை), இப்போது வரும் சாமான் எல்லாமே மட்டமாகிவிட்டது என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். அவர் வருத்தம் நியாயமானது. ஒரே வேலைக்கு இரண்டாம் தடவை பணம் கொடுப்பது யாருக்கும் வயிற்றெரிச்சல்தான். ஆனால் அவர் என்ன ஆயில் ஊற்றினார், கிளட்ச் லீவரில் எவ்வளவு பிளே (சும்மா ஆடும் இடைவெளி) விட்டிருந்தார், கழற்றிய பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாரா என்பதெல்லாம் கடிதத்தில் இல்லை. இவை தெரியாமல் பிளேட்டைக் குறை சொல்ல முடியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் அருப்புக்கோட்டையில் இருந்து சேலை, வேட்டி, நைட்டி எல்லாம் மூட்டை கட்டி எடுத்துப்போய் கிராமங்களில் தவணைக்கு விற்பவன். கடை கிடையாது, வண்டிதான் கடை. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கம் தெருத் தெருவாகப் போக வேண்டும். பின் சீட்டில் மூட்டை, முன்னால் டேங்க் மேல் ஒரு பை. ஒரு வீட்டில் நிறுத்தி, நாலு வீடு தள்ளி மறுபடி நிறுத்தி, ஆடு குறுக்கே வந்தால் ஆஃப் கிளட்சில், அதாவது லீவரைப் பாதி பிடித்தபடி, ஊர்ந்து, மழை பெய்தால் கரிசல் மண் டயரில் அப்பிக்கொள்ள உறுமி எடுத்து என்று நாள் முழுக்க இடது கை லீவரில்தான் இருக்கும். நூறு சிசி வண்டியின் கிளட்சுக்கு இதைவிடக் கடினமான உத்தியோகம் கிடையாது. பிளேட் போய்விட்டால் அன்றைக்கு வசூல் கிடையாது. அதனால்தான் இந்த வேலையை வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொண்டேன்.

கிளட்ச் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். வலது பக்க சைடு கவரைத் திறந்தால் வட்டமாக ஒரு ஹவுசிங் இருக்கும். இன்ஜின் சுற்றும்போதெல்லாம் இது சுற்றும். லைனிங் என்ற உராய்வுப் பட்டை ஒட்டிய பிளேட்டுகளின் வெளி விளிம்பில் காது போல நீட்டிக்கொண்டிருப்பவை ஹவுசிங்கின் வெட்டுகளில் உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கு நடுவே ஒன்றுவிட்டு ஒன்றாக வெறும் இரும்புத் தட்டுகள். இவற்றின் பல் உள்பக்கம் இருக்கும், அது சென்டர் என்கிற நடு உருளையைப் பிடித்திருக்கும். சென்டர் கியர்பாக்ஸ் தண்டோடு சேர்ந்தது. ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கை அழுத்திப் பிடிக்கும்வரை இன்ஜினின் இழுவை சக்கரத்துக்குப் போகும். லீவரைப் பிடித்தால் ஸ்பிரிங் விலகி, அடுக்கு தளர்ந்து, இன்ஜின் தனியாகச் சுற்றும். அவ்வளவுதான். இந்த அடுக்கு முழுக்க இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து கிடக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாதது. நம் ஊரில் ஓடும் கியர் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்.

இங்கேதான் வாசகருக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் வருகிறது.

என் மச்சினன் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். வீட்டில் அவனுக்கு ஒரு 150 சிசி பைக், அவன் மனைவிக்கு ஒரு ஸ்கூட்டர். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆயிலாக வாங்கி அவனே மாற்றினான். இரண்டுக்கும் 10டபிள்யூ30 தானே என்பது அவன் கணக்கு. கொஞ்ச நாளில் பைக் மேம்பாலம் ஏறும்போது உறுமுகிறது, ஓடவில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியதற்கு பிளேட், ஹவுசிங், ஸ்பிரிங் மொத்தமும் மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய தொகை சொல்லிவிட்டார்கள். "அத்தான், நீங்க ஒரு தடவை திறந்து பார்த்திருங்க, அப்புறம் காசு குடுக்கலாம்" என்று வண்டியை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான்.

திறந்தோம். பிளேட்டைக் கனம் அளக்கும் வெர்னியரில் பிடித்துப் பார்த்தால் தேய்மானம் சொல்லும்படி இல்லை, ஏறக்குறையப் புதுப் பிளேட் கனம் இருந்தது. ஆனால் லைனிங் மேல் வார்னிஷ் அடித்த மாதிரி ஒரு மினுமினுப்பு. இரும்புத் தட்டில் நீலம் பாரிக்கவில்லை, அதாவது இன்னும் சூடேறிக் கருகவில்லை. நான் உடனே ஆயில் டப்பாவைக் கேட்டேன். பின்பக்கம் பொடி எழுத்தில் ஜாசோ எம்பி (JASO MB) என்று இருந்தது. அது ஸ்கூட்டர் ஆயில்.

விஷயம் இதுதான். கார் ஆயிலில் மைலேஜ் கூட்டுவதற்காக உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்க்கிறார்கள். காரின் கிளட்ச் ஆயிலில் நனையாதது என்பதால் அங்கே அதனால் கெடுதல் இல்லை. பைக்கில் அதே ஆயிலில்தான் பிளேட் நனைகிறது, பிளேட் பிடிப்பதோ உராய்வால். உராய்வைக் குறைத்தால் பிடிப்பு எங்கிருந்து வரும்? இதற்காகவே ஜப்பானில் 1998-ல் பைக் ஆயிலுக்குத் தனித் தரம் வகுத்தார்கள். டப்பாவில் ஜாசோ என்று போடுவது அந்தத் தரத்தைத்தான், ஜாசோ என்பது அதை வகுத்த ஜப்பான் வாகனத் தர அமைப்பின் பெயர். நனைந்த கிளட்ச் உள்ள பைக்குக்கு எம்ஏ (MA), உராய்வு குறைவாக உள்ளதற்கு எம்பி. 2006-ல் எம்ஏவையும் எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள், இதில் எம்ஏ2 பிடிப்பு கூடியது. நம் ஊர் கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் பின் சக்கரத்துப் பக்கம் தனி அறையில் உலர்ந்து கிடக்கிறது, இன்ஜின் ஆயில் அதைத் தொடுவதே இல்லை. ஆகவே ஸ்கூட்டருக்கு எம்பி நல்லதுதான், மைலேஜும் கொஞ்சம் கிடைக்கும். அதே டப்பாவைப் பைக்கில் கவிழ்த்தால் வம்பு. 10டபிள்யூ30 என்பது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதற்கான எண். கிளட்ச் பிடிக்குமா பிடிக்காதா என்று அந்த எண் சொல்லாது.

எம்பி ஊற்றினால் எல்லாப் பைக்கும் மறுநாளே வழுக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஸ்பிரிங் புதுசாக, ஓட்டுபவர் தனியாளாக இருந்தால் தெரியாமலே ஓடிவிடும். ஸ்பிரிங் சற்றுத் தளர்ந்த வண்டி, சுமை ஏற்றும் வண்டி, மூன்று பேர் போகும் வண்டி இவற்றில்தான் முதலில் காட்டும். காட்டியதும் பழி பிளேட்டுக்குப் போகும். மச்சினன் வண்டியில் பிளேட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, எம்ஏ2 ஆயிலில் ஒரு ராத்திரி ஊறவைத்து, அதையே திரும்பப் போட்டோம். பழைய ஆயில் முழுவதும் வெளியேற வேண்டும் என்பதற்காகச் சில நாளிலேயே மறுபடியும் ஆயில் மாற்றச் சொன்னேன். வழுக்கல் நின்றுவிட்டது. ஒரு சாமான்கூட வாங்கவில்லை, ஆயிலும் சைடு கவர் பேக்கிங்கும் (கசியாமலிருக்க மூடிக்கு இடையில் வைக்கும் காகிதம்) தவிர. பிளேட் கருகி வாடை அடித்திருந்தால் இது நடந்திருக்காது, புதுசுதான் போட வேண்டியிருக்கும்.

ஆயிலுக்கு அடுத்தபடியாக பிளேட்டைக் கொல்வது லீவரில் பிளே இல்லாமை. லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும் என்று பெரும்பாலான வண்டிக் கையேடுகள் சொல்கின்றன. சிலருக்கு லீவர் ஆடினால் பிடிக்காது, டைட்டாக வைத்துவிடுவார்கள். அப்போது லீவரை விட்ட பிறகும் வயர் கொஞ்சம் இழுத்தபடியே இருக்கும். அதாவது எந்நேரமும் லீவரைக் கொஞ்சம் பிடித்தபடியே ஓட்டுவதற்குச் சமம். லைனிங் தேயத் தேய இந்தப் பிளே தானாகவே குறைந்துகொண்டு வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புதுப் பிளேட் போட்டு, பிளேயும் சரியாக வைத்துவிட்டு, ஆறு மாதம் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் பிளே போய்விடும். இரண்டு விரலை எப்போதும் லீவர் மேல் வைத்தே ஓட்டுகிற பழக்கமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

சரிசெய்ய இரண்டு இடம் உண்டு. வயரின் கீழ்முனையில் இன்ஜின் பக்கம் உள்ள நட்டில் பெரிய வித்தியாசத்தைச் சரிக்கட்டி, ஹேண்டில்பார் பக்கம் உள்ளதில் நுணுக்கமாக வைக்க வேண்டும். வைத்தபின் ஹேண்டில்பாரை இடது கோடி, வலது கோடி இரண்டுக்கும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது பிளே காணாமல் போனால் வயர் போகிற வழி சரியில்லை என்று அர்த்தம், எங்கேயோ இழுபடுகிறது. அதைச் சரிசெய்யாமல் நட்டை மட்டும் திருகிக்கொண்டிருந்தால் நாளெல்லாம் திருக வேண்டியதுதான். வயர் விஷயத்தில் இன்னொன்று. நிப்பிள் (வயர் முனையில் உள்ள குமிழ்) கிட்டே ஒரு நூல் பிரிந்தாலும் மாற்றிவிடுங்கள். என்னைப் போல ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் புது வயர் ஒன்றை ஓடுகிற வயரோடு சேர்த்தே, அதே வழியில், டேப் சுற்றி வைத்துக்கொள்ளலாம். நரிக்குடிக்கு அந்தப் பக்கம் வயர் அறுந்தால் டேங்கைக் கழற்றாமல் இரண்டு முனையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

வழுக்கலுக்கு நேர் எதிர் நோயும் உண்டு. லீவரை முழுசாகப் பிடித்தும் வண்டி முன்னால் நகரப் பார்க்கும், நியூட்ரல் விழாது, ஃபர்ஸ்ட் கியர் போட்டால் மடார் என்று அடிக்கும். இதற்கு பிளே அதிகமாக இருப்பது ஒரு காரணம். அது இல்லையென்றால் இரும்புத் தட்டு வளைந்திருக்கும், அல்லது ஹவுசிங்கின் வெட்டுகளில் பிளேட் காதுகள் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருக்கும். விரலால் தடவினாலே அந்தப் பள்ளம் படிபோலத் தட்டும். பிளேட் காது அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நகராது. இந்த நிலையில் எத்தனை செட் புதுப் பிளேட் போட்டாலும் பிரயோஜனமில்லை. லேசான பள்ளத்தை மெல்லிய அரத்தால் சமப்படுத்துவோர் உண்டு. ஆழமாக இருந்தால் ஹவுசிங்கையே மாற்றுவதுதான் நல்லது.

இனி திறந்து பார்க்க நினைப்பவர்களுக்கு. வண்டி நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஆயிலை வடித்துவிடுங்கள். கிக்கரைக் கழற்ற வேண்டும், சில வண்டியில் ஃபுட்ரெஸ்டும் பிரேக் பெடலும் இடிக்கும். சைடு கவர் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை, மாற்றிப் போட்டால் நீளமானது அடியில் முட்டி அலுமினியத்தை உடைத்துவிடும். ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றக் கழற்ற அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். பழைய வண்டிகளில் ஸ்டார் ஸ்க்ரூவாக இருக்கும், வெறும் ஸ்க்ரூ டிரைவரால் முயன்றால் தலை மழுங்கிவிடும், சுத்தியால் அடித்துத் திருப்புகிற இம்பாக்ட் டிரைவர் வேண்டும். கவர் வராவிட்டால் நடுவில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பக் கூடாது. பிளாஸ்டிக் சுத்தியால் சுற்றித் தட்டினால் வரும். வரும்போது சின்னச் சின்ன குழாய் மாதிரி டவல் பின்கள் கீழே விழலாம், அவை இல்லாமல் மூடினால் கவர் நேராக உட்காராது. தண்டில் இருக்கும் வாஷர்கள் கவரோடு ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு படம்.

ஸ்பிரிங் போல்ட்டுகளை ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது. எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும், மாட்டும்போதும் அப்படியே. அந்த போல்ட்டுகள் 6 மில்லிமீட்டர் மரை உள்ளவை, அலுமினியத்தில் இறங்குகிறவை. சக்கர நட்டை முடுக்குகிற பலத்தைக் காட்டினால் போல்ட் இறங்குகிற அலுமினியக் கால்கள் உடைந்து உள்ளேயே விழும். சில வண்டிகளில் இதோடு பிளேட்டுகள் கைக்கு வந்துவிடும். சிலவற்றில் நடுவில் சர்க்ளிப் என்ற பூட்டு வளையமோ, நான்கு வெட்டு உள்ள வட்ட நட்டோ இருக்கும். அந்த நட்டுக்கென்றே ஸ்பேர்ஸ் கடையில் பாக்ஸ் ஸ்பேனர் விற்கிறது, விலை அதிகமில்லை. உளியை வைத்துத் தட்டிக் கழற்றுவதை நான் பல இடங்களில் பார்க்கிறேன், அப்படித் தட்டிய நட்டை அடுத்த தடவை யாராலும் ஒழுங்காக முடுக்க முடியாது. அந்த பாக்ஸ் வாங்க விருப்பமில்லை என்றால் அந்த இடத்தோடு நிறுத்தி, நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே மேல்.

பிளேட்டுகளை எடுத்த வரிசையிலேயே, எடுத்த பக்கம் மாறாமல் செய்தித்தாளில் அடுக்குங்கள். வெளிக் கடைசியில் உள்ள பிளேட் மட்டும் ஹவுசிங்கில் வேறு வெட்டில் உட்கார்கிற வண்டிகளும் இருக்கின்றன, அதைப் படம் எடுக்காமல் விட்டுவிட்டால் மாட்டும்போது முழிக்க வேண்டியிருக்கும். சிறிய வண்டிகளில் பொதுவாக லைனிங் பிளேட் புதுசில் 3 மில்லிமீட்டர் கனம் சுமாருக்கு இருக்கும். அதில் ஓர் அரை மில்லிமீட்டர் போனாலே மாற்றும் நேரம் வந்துவிட்டது. கண்ணால் பார்த்தால் தெரியாத வித்தியாசம் இது, வெர்னியர் இல்லாமல் முடிவெடுக்காதீர்கள். இரும்புத் தட்டைக் கண்ணாடி மேல் வைத்து அழுத்திப் பாருங்கள், ஆடினால் வளைந்திருக்கிறது. 0.2 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அடியில் நுழைந்தால் பல வண்டிகளில் அது கழிக்க வேண்டிய தட்டு. ஸ்பிரிங்குகளை எல்லாம் பக்கம் பக்கமாக நிறுத்தினால் குட்டையானது தெரிந்துவிடும். ஒன்று குட்டை என்றாலும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிரஷர் பிளேட் (அடுக்கை அழுத்தும் தட்டு) சாய்ந்து தூக்கும். புதுப் பிளேட்டை உலர்ந்தபடியே மாட்டக் கூடாது. சரியான ஆயிலில் சில மணி நேரமாவது ஊறட்டும். என் சித்தப்பாவின் பழைய யெஸ்டி பைக்கில் கார்க் பதித்த பிளேட்டுகள், அவற்றை அவர் முதல் நாள் இரவே ஆயிலில் போட்டுவிடுவார். கார்க் போய் இப்போது காகித நார் லைனிங் வந்துவிட்டது, ஊறவைக்கிற அவசியம் போகவில்லை. மைசூரில் 1996-லேயே மூடிவிட்ட கம்பெனியின் அந்த வண்டியில் கியர் லீவரை மிதித்தாலே கிளட்ச் தானாக விலகும் என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவதில்லை. நல்ல ஏற்பாடு அது.

மூடும்போது பழைய பேக்கிங்கைச் சுரண்டுவதில்தான் பொறுமை வேண்டும். பிளேடால் கீறல் விழுந்தால் அந்த வழியாக ஆயில் கசிந்துகொண்டே இருக்கும். புதுக் காகித பேக்கிங் போட்டால் பசை தேவையில்லை. தேவைப்பட்டாலும் மெல்லிய கோடாகத்தான். பிதுங்கி உள்ளே விழுகிற பசை ஆயில் போகிற துளைகளை அடைத்துவிடும். கழித்த ஆயிலைத் தயவுசெய்து கண்மாய்க் கரையிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். பழைய ஆயில் டப்பாவிலேயே ஊற்றி மூடி, கழிவு ஆயில் சேர்க்கிற சர்வீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிடலாம்.

என் அக்கா மகன் மதுரையில் இன்ஜினியரிங் படிக்கிறான். "மாமா, கெட்டி ஸ்பிரிங் போட்டுக் குடுங்க, பிக்கப் பறக்கும்" என்று ஒரு தடவை கேட்டான். இந்த ஆசை நிறையப் பையன்களுக்கு இருக்கிறது, அதனால் சொல்கிறேன். கிளட்ச் வழுக்காத வண்டியில் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் ஒரு துளி வேகமும் கூடாது. முன்பே முழுசாகப் பிடிக்கிற கிளட்ச் அதற்கு மேல் எதைப் பிடிக்கும்? கூடுவது இடது கை வலியும், வயரின் தேய்மானமும்தான். இன்ஜின் பலத்தைக் கூட்டியவர்களுக்குத்தான் அது தேவை. உண்மையான முன்னேற்றம் வேறு வழியில் வந்திருக்கிறது. 2018-ல் வந்த யமஹா ஆர்15 பைக்கின் மூன்றாம் பதிப்பிலும் வேறு சில வண்டிகளிலும் உள்ள அசிஸ்ட் ஸ்லிப்பர் கிளட்சில், சென்டரும் பிரஷர் பிளேட்டும் சாய்வான மேடுகளில் ஒன்றோடொன்று உட்கார்ந்திருக்கும். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது அந்தச் சாய்வே அடுக்கை இறுக்கிக்கொள்ளும். அதனால் மெல்லிய ஸ்பிரிங் போதும், லீவர் லேசாக இருக்கும். சட்டென்று கியர் குறைத்தால் அதே சாய்வு அடுக்கைத் தளர்த்தி, பின் சக்கரம் இழுத்துக்கொண்டு போகாமல் காக்கும். கெட்டி ஸ்பிரிங்குக்கு நேர் எதிரான யோசனை. சுமை ஏற்றுகிறவர்களுக்கு நான் சொல்லும் அப்கிரேடு இன்னும் எளிது. செயின் செட் மாற்றும்போது பின் சக்கரத்து ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) இரண்டு பல் கூடுதலாகப் போடுங்கள். டாப் ஸ்பீடு கொஞ்சம் குறையும், நமக்கு அது வேண்டியதில்லை. வண்டி எடுக்கும்போது ஆஃப் கிளட்ச் பிடிக்கிற நேரம் நன்றாகக் குறைகிறது. நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

இவ்வளவும் நான் எங்கே கற்றேன் என்றால், பாதி ஒரு நல்ல மெக்கானிக் அண்ணனின் பட்டறையில் நின்று பார்த்தது. மீதி, அளவுகள் எல்லாம், அங்கே இங்கே கேட்டுச் சேர்த்தது. என் வண்டியோடு வந்த புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அதிலும் பிளே அளவுதான் இருந்தது, பிளேட் எந்தக் கனத்தில் மாற்ற வேண்டும், ஸ்பிரிங் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பது இல்லை. அது ஒர்க்‌ஷாப்புக்குப் போகிற வேறு புத்தகத்தில் இருக்கும், நமக்குக் கிடையாது என்றார்கள். எந்தக் கனத்தில் மாற்ற வேண்டும் என்று தெரியாத ஆளிடம், மாற்றியே ஆக வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். மச்சினனுக்கு நடந்தது அதுதான்.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பொருளை வாங்கியவருக்கு அதைப் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் இந்த நான்கும் அதன் கணக்கில் வந்தன. அதே வருஷம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று அதற்கான இணையதளமும் தொடங்கினார்கள். நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் திருச்சுழியில் பைக் வைத்திருக்கிற ஒரு கொத்தனாருக்குப் பழுதுபார்க்கும் விவரம் தமிழில், அவர் வண்டிக்குரிய அளவுகளோடு, ஒரே ஒரு தாளாக வந்து சேர்ந்தால்தான் அது உரிமை. ஓசூரிலும் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் லட்சக்கணக்கில் வண்டி செய்து அனுப்புகிற மாநிலம் இது.  வாங்குகிறவர்களுக்குத் தமிழில் ஒரு தாள் தருவது பெரிய செலவா? ஏற்கனவே தருகிற கம்பெனி ஏதாவது இருந்தால் அவர்களுக்கு என் நன்றி, மற்றவர்களும் தரட்டும்.

ஆயில் டப்பா விஷயம் இதைவிட அவசரம். பொட்டலப் பொருட்களில் கட்டாயம் இருக்க வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கூடவே வேறு மொழியிலும் போடலாம், அதற்குத் தடையில்லை என்றும் அதே விதி சொல்கிறது. அப்படியானால் டப்பாவின் முன்பக்கம் "கியர் பைக்குக்கு" என்றோ "ஸ்கூட்டருக்கு மட்டும்" என்றோ கட்டை எழுத்தில் தமிழில் போடலாமே. எம்ஏ, எம்பி என்ற இரண்டு எழுத்தைப் பின்பக்கம் பொடியில் தேடிப் படிக்க வேண்டிய அவசியம் இருக்காது. ஸ்பேர்ஸ் கடைக்காரர்களும் அதுவரை இரண்டையும் ஒரே தட்டில் அடுக்காமல், ஆயில் கேட்கிறவரிடம் வண்டி என்ன என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொடுக்கலாம். ஒர்க்‌ஷாப்காரர்கள் கழற்றிய பிளேட்டைக் கேட்காமலே கையில் கொடுத்துவிட வேண்டும். என் மெக்கானிக் அண்ணன் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறார், பழைய சாமானைப் பாலித்தீன் பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டி அனுப்புவார். அவர் பட்டறையில் கூட்டம் குறைந்ததே இல்லை.

எழுதிய வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பிளேட் மாற்றுவதற்கு முன் உங்கள் ஆயில் டப்பாவைத் தேடி எடுத்து எம்ஏவா எம்பியா என்று பாருங்கள். லீவர் நுனியில் ஒரு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் வழுக்கினால், பிளேட்டை அளந்துவிட்டு மறுபடியும் இதே பகுதியில் எழுதுங்கள், அப்போது சாமான் மட்டம் என்று நானும் உங்களோடு சேர்ந்து சொல்கிறேன்.

ஆசிரியர் அவர்கள் இந்தக் கடிதத்தை வெளியிடுவதோடு, வண்டிக் கம்பெனிகளிடமும் ஆயில் கம்பெனிகளிடமும் இந்த இரண்டு கோரிக்கைக்கும் பதில் கேட்டு, அவர்கள் சொல்வதையும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தவணைச் சேலை வியாபாரி,
அருப்புக்கோட்டை